காகிதப் பையோடு வீட்டைவிட்டுப் போனவர்

பதினேழு வயதில் வீட்டைவிட்டு ஓடுகிற பிள்ளை எதை எடுத்துக்கொண்டு போகும்? அமெரிக்கப் பாடகி சிண்டி லாப்பர் எடுத்துக்கொண்டது ஒரு காகிதப் பை. அதற்குள் ஒரு டூத் பிரஷ், மாற்றுக்கு ஓர் உள்ளாடை, ஓர் ஆப்பிள், யோகோ ஓனோ எழுதிய ‘கிரேப்ஃப்ரூட்’ புத்தகம். அவ்வளவுதான். 2012ல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்று நூலை அவர் இந்தப் பட்டியலோடுதான் தொடங்குகிறார். நட்சத்திரங்களின் சுயசரிதைகள் பொதுவாக மேடையில், விளக்கு வெளிச்சத்தில், கைத்தட்டலில் ஆரம்பிக்கும். ஆப்பிளில் ஆரம்பித்த ஒன்றை நான் படித்தது இதுதான் முதல் முறை.

1970ஆம் ஆண்டு வாக்கில் நடந்தது இது. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஓசோன் பார்க் என்ற இடம். உழைத்துப் பிழைக்கும் இத்தாலியக் குடும்பங்கள் நிறைந்த பேட்டை. சிண்டிக்கு ஐந்து வயது இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அம்மா கேட்ரின் ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்த்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். மறுமணம் செய்துகொண்டார். வந்து சேர்ந்தவர் நல்லவராக அமையவில்லை. சொந்த வீட்டுக் குளியலறையில்கூட நிம்மதியாக இருக்க முடியாது என்ற நிலை வந்தபோது பெண் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

போவதற்கு ஓர் இடம் இருந்தது. இந்தக் கதை முழுக்க அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. அக்கா எல்லன் முன்பே வெளியேறித் தனியாக இருந்தார். எல்லன் தன்பாலீர்ப்பாளர். அப்போதைய அமெரிக்காவில் அதை வெளியில் சொல்லிக்கொண்டு வாழ்வது லேசுப்பட்ட காரியமில்லை. நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீஸ் சோதனையை எதிர்த்துக் கலவரம் வெடித்தது 1969 ஜூனில். தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீக்கியது 1973ல். இந்த இரண்டுக்கும் நடுவில்தான், வீட்டிலிருந்து ஓடிவந்த தங்கைக்கு எல்லன் கதவைத் திறந்துவிட்டார்.

அக்காவும் அக்காவின் தோழிகளும் தன்பாலீர்ப்பாளர்கள் என்பதால் தானும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று சிண்டி கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தாராம். பிறகுதான் தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கிறது என்று புரிந்திருக்கிறது. அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்ன கதையைப் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வார். ஊர் உலகத்தில் பிள்ளைகள் எதை மறைத்து மருகுகிறார்களோ, அதைத் தலைகீழாக அனுபவித்தவர். வேடிக்கையாகத் தெரிந்தாலும், ‘இவர்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது’ என்ற அந்தப் பயத்தின் சுவை அவருக்கு ஒரு தடவையாவது தெரிந்திருக்கிறது.

பாடகியாவதற்குள் அவர் பட்டது பெரும்பாடு. கிளப்களில் பிறர் பாட்டைப் பாடிப் பாடி 1977ல் குரல்நாண் பழுதாகிவிட்டது. இனிமேல் பாடவே முடியாது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். கேட்டி அக்ரெஸ்டா என்ற குரல் பயிற்சியாளர்தான் மீட்டுக் கொடுத்தார். ‘ப்ளூ ஏஞ்சல்’ என்ற இசைக்குழுவில் சேர்ந்தார். 1980ல் வந்த அவர்களுடைய ஒரே ஆல்பம் விற்கவில்லை. குழு கலைந்தது. மேலாளர் எண்பதாயிரம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கையில் காசில்லாத சிண்டி நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தார். தீர்ப்புச் சொன்ன நீதிபதி, இந்தக் கானரிப் பறவையைப் பாட விடுங்கள் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னதாகக் கதை. 2023ல் வெளியான அவரைப் பற்றிய ஆவணப்படத்துக்கு அந்த வாசகத்தையே தலைப்பாக வைத்துவிட்டார்கள்.

திவாலான பிறகு ‘ஸ்க்ரீமிங் மிமீஸ்’ என்ற பழைய துணிக்கடையில் வேலை. இரவில் ஜப்பானியப் பியானோ பாரில் பாட்டு. அந்தத் துணிக்கடையை மறக்கவேண்டாம். பின்னால் உலகம் முழுக்கப் பிள்ளைகள் காப்பியடித்த அந்தக் கலர் கலரான தோற்றம், பாவாடைக்கு மேல் பாவாடை, ஒரு பக்கம் சிரைத்த ஆரஞ்சுத் தலை, கை நிறைய வளையல் எல்லாவற்றுக்கும் விதை அந்தக் கடையின் கொடியில் தொங்கிய பழைய உடுப்புகள்தான்.

1983 அக்டோபரில் ‘ஷீ இஸ் ஸோ அன்யூஷுவல்’ ஆல்பம் வந்தபோது அவருக்கு முப்பது வயது. பாப் இசையில் அறிமுகமாவதற்கு அது கிட்டத்தட்ட ஓய்வு பெறும் வயது. ‘கேர்ள்ஸ் ஜஸ்ட் வான்ட் டு ஹேவ் ஃபன்’ பாட்டு இன்று பெண்களின் பாட்டாகத் தெரிகிறது. உண்மையில் அதை எழுதியவர் ராபர்ட் ஹசார்ட் என்ற ஆண். பெண்கள் தன்னைச் சுற்றி எப்படி மொய்க்கிறார்கள் என்று ஓர் ஆண் பீற்றிக்கொள்கிற தொனி அதில் இருந்தது. சிண்டி வரிகளைத் திருத்தினார். பெருமை பேசிய ஆண் மறைந்து, நள்ளிரவு கழிந்து வீடு திரும்பும் பெண் வந்து நின்றாள். வீடியோவில் அம்மாவாக நடித்தது சொந்த அம்மா கேட்ரினேதான். அப்பா வேடத்துக்கு லூ அல்பானோ என்ற மல்யுத்தக்காரரைப் பிடித்துப் போட்டார்கள். தெருவில் அவரோடு ஆடிவரும் பெண்கள் ஒரே நிறத்தவராக இருக்கக்கூடாது, எல்லா இனத்துப் பெண்களும் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எம்டிவியில் கறுப்பினக் கலைஞர்களின் வீடியோக்களை அத்திபூத்தாற்போல் காட்டிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த ஒரே ஆல்பத்திலிருந்து நான்கு பாட்டுகள் அமெரிக்காவின் முதல் ஐந்து இடங்களுக்குள் போயின. முதல் ஆல்பத்திலேயே அந்தச் சாதனையைச் செய்த முதல் பெண் அவர்தான். ‘டைம் ஆஃப்டர் டைம்’ 1984 ஜூனில் முதலிடம் பிடித்தது. அந்தத் தலைப்பை ‘டிவி கைட்’ பத்திரிகையைப் புரட்டும்போது கண்ணில் பட்ட ஒரு சினிமாப் பெயரிலிருந்து எடுத்தார். அடுத்த வருடமே ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் அதைத் தன் டிரம்பெட்டில் வாசித்துவிட்டார். ஒரு பாப் பாட்டுக்கு அதற்கு மேல் என்ன பத்திரம் வேண்டும்?

அந்த ஆல்பத்தில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு பாட்டு உண்டு. பிரின்ஸ் எழுதிய ‘வென் யூ வேர் மைன்’. ஆண் பாடும்படி எழுதப்பட்டது. வழக்கமாக ஒரு பெண் அதைப் பாடும்போது ‘அவள்’ என்பதை ‘அவன்’ ஆக்கி, ‘அவன்’ என்பதை ‘அவள்’ ஆக்கிப் பாடுவார்கள். சிண்டி ஒன்றையும் மாற்றவில்லை. எழுதியபடியே பாடினார். காதில் பட்டவர்களுக்குப் பட்டது.

1985 ஜனவரி 28 இரவு நடந்ததையும் சொல்லியாகவேண்டும். எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட ‘வீ ஆர் த வேர்ல்ட்’ பாட்டை லாஸ் ஏஞ்சலிஸில் பதிவு செய்கிறார்கள். மைக்கேல் ஜாக்சன், ஸ்டீவி வொண்டர், பாப் டிலன் எல்லாரும் ஒரே அறையில். சிண்டி பாட ஆரம்பித்ததும் கலகலவென்று ஒரு சத்தம். எங்கிருந்து வருகிறது என்று எல்லாரும் தேடுகிறார்கள். கடைசியில் பார்த்தால் அவருடைய மாலைகளும் வளையல்களும் மைக்கில் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பவும் பாடினார். 2024ல் வந்த ஆவணப்படத்தில் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். சங்கடப்பட்டதாகவே தெரியவில்லை, சிரிக்கிறார். பிறகு வாய் திறந்தாரே, அந்த அறையில் இருந்த பெரிய குரல்களெல்லாம் ஒரு கணம் திரும்பிப் பார்த்தன.

ஒன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்த நாட்களில் இசைத்துறைப் பத்திரிகை ஒன்றில் எழுதிய விமர்சகர், சிண்டி நெடுநாள் நிலைப்பார், மடோனா ஆறே மாதத்தில் காணாமல் போய்விடுவார் என்று ஆரூடம் சொன்னார். பாதிதான் பலித்தது.

இனி ‘ட்ரூ கலர்ஸ்’. இந்தப் பாட்டை அவர் எழுதவில்லை. பில்லி ஸ்டைன்பர்க், டாம் கெல்லி என்ற இருவர் எழுதியது. ஸ்டைன்பர்க் முதலில் தன் தாயை நினைத்து எழுதத் தொடங்கிய வரிகள். கனடாப் பாடகி ஆன் மர்ரியிடம் போய், அவர் வேண்டாம் என்றபிறகு சிண்டியிடம் வந்தது. வந்தபோது அது தேவாலயப் பாட்டு பாணியில் பியானோ வைத்துக் கட்டிய வழக்கமான மெல்லிசை. சிண்டி கட்டுமானத்தை மொத்தமாகக் கலைத்தார். பியானோ போனது. மிஞ்சியது லேசான தாளமும், காதருகே யாரோ பேசுவதுபோல் ஒரு குரலும்தான். உச்சஸ்தாயியில் கண்ணாடி உடைகிற மாதிரிக் கத்தத் தெரிந்தவர் அவர். அந்தத் திறமை முழுவதையும் அடக்கிவைத்துக்கொண்டு பாடியது, என் கணக்கில், அவர் எடுத்த முடிவுகளிலேயே பெரிய முடிவு.

ஏன் அப்படிப் பாடினார் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவர் அப்போது எய்ட்ஸால் இறந்துகொண்டிருந்தார், இறந்தும் போனார். தன்பாலீர்ப்பாளர். இளவயதில் போக்கிடம் இல்லாமல் தெருவில் அலைந்தவர். தன்னை நினைத்து ஒரு பாட்டு எழுது என்று சிண்டியிடம் கேட்டுக்கொண்டார். சிண்டி எழுதினார். பெயர் ‘பாய் ப்ளூ’. ‘ட்ரூ கலர்ஸ்’ ஆல்பத்திலேயே அதுவும் இருக்கிறது. தனிப்பாட்டாக வெளியிட்டு, வருமானத்தை எய்ட்ஸ் அமைப்புகளுக்குக் கொடுத்தார். ஆனால் அது ஓடவில்லை. அமெரிக்கப் பட்டியலில் எழுபதுக்கும் கீழேதான் நின்றது. நண்பருக்காக எழுதிய பாட்டு தோற்றுப்போக, வேறு யாரோ தன் தாய்க்காக எழுதத் தொடங்கிய பாட்டு அந்த நண்பருக்கானதாக மாறிவிட்டது. 1986 அக்டோபரில் ‘ட்ரூ கலர்ஸ்’ முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம் அங்கே இருந்தது.

காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு வெளியானது 1981 ஜூனில். அதிபர் ரொனால்ட் ரேகன் அந்நோய் பற்றித் தன் முதல் பெரிய உரையை நிகழ்த்தியது 1987 மே 31ல். நடுவில் ஆறு வருடம். அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போயிருந்தார்கள். பெற்றவர்களே தொட அஞ்சிய பிள்ளைகள் இருந்தார்கள். சாவு வீட்டில் போடுவதற்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. உன்னை நான் பார்க்கிறேன், பயப்படாதே, உன் நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது என்ற அர்த்தத்தில் ஒரு குரல் வானொலியில் வந்துகொண்டே இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் 1978ல் தைத்த வானவில் கொடிக்கும் பாட்டில் வரும் வானவில்லுக்கும் எழுதியவர்கள் முடிச்சுப் போட்டிருக்கவில்லை. கேட்டவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் சிண்டியின் வியாபாரம் இறங்குமுகம். 1988ல் நடித்த ‘வைப்ஸ்’ படம் படுத்துவிட்டது. 1989ல் ‘ஐ ட்ரோவ் ஆல் நைட்’ ஒன்றுதான் பெரிதாக ஓடியது. 1993ல் வந்த ‘ஹேட் ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ்’ ஆல்பத்தை விமர்சகர்கள் பாராட்டினார்கள், கடையில் வாங்க ஆளில்லை. இனவெறுப்பு, குடும்ப வன்முறை, பெண் படும் பாடு என்று அவர் பேச ஆரம்பித்ததும், எங்களுக்கு அந்தக் கலகலப்பான பெண்தான் வேண்டும் என்று சந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. இடையில் 1991ல் நடிகர் டேவிட் தார்ன்டனோடு கல்யாணம். நடத்திவைத்தவர் ராக் அண்ட் ரோலின் முன்னோடி லிட்டில் ரிச்சர்ட். அழைப்பிதழில் அந்த ஒரு வரிக்காகவே நானும் போயிருப்பேன்.

இந்த இறங்குமுகக் காலத்தில்தான் சங்கதி இருக்கிறது. உச்சியில் இருக்கும்போது உரிமை பேசுவது ஒரு வகை. பட்டியலில் பெயர் இல்லாத காலத்தில் யாரோடு போய் நிற்கிறோம் என்பது வேறு வகை. 1994ல் நியூயார்க்கில் நடந்த ‘கே கேம்ஸ்’ விளையாட்டுப் போட்டியின் நிறைவு விழாவில் பாடினார். அதே ஆண்டில் ‘கேர்ள்ஸ்...’ பாட்டை ரெக்கே தாளத்தில் புதிதாகப் பாடியபோது, வீடியோவில் பெண்வேடமிட்டு ஆடும் டிராக் கலைஞர்களைத் தன்னோடு நிறுத்திக்கொண்டார். பெண்களின் பாட்டு என்றால் யாரெல்லாம் பெண்கள் என்று அவர் வாசலில் நின்று அடையாள அட்டை கேட்கவில்லை. 1996–97ல் வந்த ‘சிஸ்டர்ஸ் ஆஃப் அவலான்’ ஆல்பத்தில் பகலில் ஒரு பெயர், இரவில் வேறு பெயர் என்று வாழும் ஒரு டிராக் கலைஞரைப் பற்றிய பாட்டும், எய்ட்ஸால் இறந்த நண்பருக்கான பாட்டும் உண்டு.

1998 அக்டோபரில் வயோமிங் மாநிலத்தில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது மாணவர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக அடித்து வேலியில் கட்டிப்போடப்பட்டு இறந்தார். அமெரிக்காவை உலுக்கிய கொலை. அவர் நினைவாக ‘அபவ் த க்ளவுட்ஸ்’ பாட்டை சிண்டி எழுதினார். பாட்டோடு விடவில்லை. 2007ல் ‘ட்ரூ கலர்ஸ் டூர்’ என்று பெயர் வைத்து, டெபோரா ஹாரி, எரேஷர் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் ஒரு டாலர் ‘ஹியூமன் ரைட்ஸ் கேம்பெயின்’ என்ற அமைப்புக்கு. வாசலில் மேத்யூ ஷெப்பர்ட் அறக்கட்டளையின் கைப்பட்டைகள். வெறுப்புக் குற்றங்களுக்கு எதிரான சட்டத்துக்கு ஆதரவு திரட்டுவதுதான் நோக்கம். 2009 அக்டோபர் 28ல் அதிபர் ஒபாமா அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பாட்டால் சட்டம் வந்தது என்று சொல்லமாட்டேன். மேத்யூவின் தாய் ஜூடி ஷெப்பர்ட் பத்து வருடத்துக்கும் மேலாக ஓடிய ஓட்டம் அது. பாட்டுக்காரர்கள் கூட ஓடினார்கள்.

அந்தப் பயணங்களில்தான் அவர் ஒரு புள்ளிவிவரத்தில் போய் முட்டிக்கொண்டார். அமெரிக்கத் தெருக்களில் வீடின்றித் திரியும் இளைஞர்களில் நூற்றுக்கு 40 பேர் வரை தன்பாலீர்ப்பாளர்களாகவோ திருநராகவோ இருக்கிறார்கள். இளைஞர்களுக்கு உதவும் அமைப்புகளிடம் திரட்டிய தகவல்களை வைத்து 2012ல் வில்லியம்ஸ் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கணக்கும் அதே 40 சதவீதத்தில்தான் வந்து நின்றது. மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கு இதில் ஒரு சிறு பகுதிதான். ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்று கேட்டால் முதலில் வரும் பதில், வீட்டில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஓடிப்போனார்கள், அல்லது துரத்தப்பட்டார்கள்.

காகிதப் பை ஞாபகம் இருக்கிறதல்லவா? சிண்டிக்கும் இருந்திருக்கிறது. தனக்குத் திறந்த கதவு ஒன்று இருந்தது, தன் நண்பருக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

2008ல் ‘ட்ரூ கலர்ஸ் ஃபண்ட்’ என்ற அமைப்பைத் தன் மேலாளர் லிசா பார்பாரிஸ் முதலியோருடன் சேர்ந்து தொடங்கினார். 2011ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், மேற்கு 154ஆவது தெருவில், ‘ட்ரூ கலர்ஸ் ரெசிடன்ஸ்’ திறக்கப்பட்டது. வெஸ்ட் எண்ட் என்ற சேவை நிறுவனத்தோடு சேர்ந்து கட்டியது. 18 முதல் 24 வயது வரையான இளைஞர்களுக்கு முப்பது வீடுகள். ‘வீடுகள்’ என்றுதான் சொல்லவேண்டும், விடுதிக் கட்டில்கள் அல்ல. ஒவ்வொருவருக்கும் தனி அறை, சமைக்க ஓர் இடம், சொந்தக் குளியலறை. பூட்டிக்கொள்ளக் கதவு. எந்தக் குளியலறையை முன்னிட்டு அவர் வீட்டைவிட்டுப் போனார் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். திட்டமிட்டு வைத்தார்களா என்று எனக்குத் தோன்றியதுண்டு. திட்டமிடாவிட்டாலும் சரிதான்.

இரவு தங்கிவிட்டுக் காலையில் வெளியேறும் முகாம்கள் நகரத்தில் இருந்தன. அவற்றில் இந்தப் பிள்ளைகளுக்கு உதை விழுந்துகொண்டிருந்தது. வீட்டில் வாங்கியதை இங்கேயும் வாங்குவதற்குத் தெருவே தேவலை என்று தெருவிலேயே படுத்தார்கள். அதனால்தான் நிரந்தர இருப்பிடம் என்று முடிவெடுத்தார்கள். 2015ல் பிராங்க்ஸ் பகுதியில் இரண்டாவது கட்டடம் வந்தது. செலவுக்குப் பணம் திரட்ட 2011லிருந்து டிசம்பர் மாதங்களில் பீக்கன் அரங்கில் நண்பர்களைக் கூட்டிக் கச்சேரி நடத்தினார். 2015 ஏப்ரலில் அமெரிக்க செனட்டின் நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழு முன்னால் உட்கார்ந்து வீடற்ற இளைஞர்களுக்காகச் சாட்சியம் சொன்னார். அதே குவீன்ஸ் பேட்டைத் தெருப்பேச்சில்தான். அவர் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இத்தனை வருடப் புகழ் அந்த உச்சரிப்பைத் தேய்க்கவே இல்லை. அமைப்பின் பெயர் 2019லிருந்து ‘ட்ரூ கலர்ஸ் யுனைடெட்’.

எல்லாரும் இந்த நற்பணியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அவருடைய இன்னொரு செயல் அதைவிடச் சுவாரசியமாகப் படுகிறது. 2016 மார்ச்சில் வட கரோலினா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசுக் கட்டடங்களில் திருநர்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படிதான் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றது. கண்டனம் கிளம்பியது. ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் அங்கே நடக்கவிருந்த தன் கச்சேரியை ரத்து செய்தார். பாராட்டு குவிந்தது. சிண்டிக்கும் ஜூனில் ராலே நகரில் ஒரு கச்சேரி இருந்தது. அவர் ரத்து செய்யவில்லை. போய்ப் பாடினார். லாபத்தை அந்த மாநிலத்திலேயே சட்டத்தை எதிர்த்துப் போராடிய அமைப்புக்குக் கொடுத்தார். யார் செய்தது சரி? ஸ்ப்ரிங்ஸ்டீன் செய்தது அரசை உறுத்தியது. ஆனால் அந்த ஊரிலேயே இருந்தாகவேண்டிய பிள்ளைக்கு, ஊரைப் புறக்கணித்துப் போனவரைவிட ஊருக்குள் வந்து பாடியவர் கூடுதலாகப் பயன்பட்டிருப்பார் என்பது என் எண்ணம். எதிர்க்கருத்து உள்ளவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

சங்கீதத்துக்கு வருவோம். அறுபதை நெருங்கும் வயதில், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு போன். நாடகாசிரியர் ஹார்வி ஃபயர்ஸ்டீன். பாத்திரம் கழுவி முடித்ததும் என்னோடு ஓர் இசைநாடகம் எழுதுகிறாயா என்று கேட்டார். அதுதான் ‘கிங்கி பூட்ஸ்’. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியில் நொடித்துப்போகவிருந்த ஒரு ஷூ கம்பெனி, டிராக் கலைஞர்களுக்கு உயரக் குதிகால் பூட்ஸ் தைத்துப் பிழைக்கப் பார்த்த உண்மைச் சம்பவம். 2005ல் சினிமாவாக வந்தது. சிக்கல் என்ன தெரியுமா? பெண்களின் குதிகால் ஆணின் எடையைத் தாங்காது, உடைந்துவிடும். உள்ளே எஃகுத் தண்டு வைக்கவேண்டும். செருப்புத் தைப்பவனுக்கு அது தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும்தான், போட்டுக்கொள்கிறவன் ஆணா பெண்ணா என்பதல்ல. நாடகத்தின் அழகு அங்கே இருக்கிறது.

இசைக்குறிப்பு எழுதி மேசையில் உட்கார்ந்து இசையமைப்பவரல்ல சிண்டி. தோன்றும்போதெல்லாம் போனில் பாடிப் பதிவு செய்துகொள்வார். அப்படிப் பிறந்ததுதான் ‘நாட் மை ஃபாதர்ஸ் சன்’. அப்பா விரும்பிய மகனாக இருக்க முடியாமல் போன இரண்டு பேர், ஒருவர் ஷூ கம்பெனி வாரிசு, மற்றவர் டிராக் கலைஞர், கழிப்பறையில் எதிரெதிரே நின்று பாடும் பாட்டு. 2013 ஏப்ரல் 4ல் பிராட்வேயில் தொடங்கிய நாடகம் ஆறு டோனி விருதுகளை வாங்கியது. அசல் இசைக்கான விருதைத் தனியாக வென்ற முதல் பெண் சிண்டிதான். மேடை ஏறி விருது வாங்கும்போது அறுபதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் பாக்கி. நாடகம் ஆறு ஆண்டுகள், 2,507 காட்சிகள் ஓடி 2019 ஏப்ரலில் முடிந்தது. அதற்கு டிக்கெட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் உரிமைப் போராட்டத்துக்கு வந்தவர்கள் அல்ல. குடும்பத்தோடு சுற்றுலா வந்தவர்கள், நல்ல பாட்டுக்காக வந்தவர்கள். டிராக் கலைஞர் லோலாவுக்குக் கைதட்டிவிட்டுப் போனார்கள்.

2022 டிசம்பர் 13. வெள்ளை மாளிகைப் புல்வெளியில் குளிர். ஒரே பாலினத்தவரின் திருமணத்துக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் பாதுகாப்பைத் தரும் மசோதாவில் அதிபர் பைடன் கையெழுத்திடுகிறார். 2015ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உரிமையை நாளைக்கு இன்னொரு தீர்ப்பு பறித்துவிடுமோ என்ற பயத்தில் வந்த சட்டம். அங்கே ‘ட்ரூ கலர்ஸ்’ பாட அழைக்கப்பட்டவர் சிண்டி. பாட்டு வெளிவந்து 36 வருடம். தேர்ந்தெடுக்க யாரும் யோசித்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். வேறு எந்தப் பாட்டை வைப்பார்கள்?

2024 அக்டோபரில் மான்ட்ரியாலில் தொடங்கிய விடைபெறும் இசைப்பயணம் 2025 ஆகஸ்ட் 30ல் லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் பவுல் அரங்கில் முடிந்தது. அந்தக் கச்சேரிகளில் ‘ட்ரூ கலர்ஸ்’ வரும்போது மட்டும் பெரிய மேடையை விட்டு, கூட்டத்துக்கு நடுவில் இருக்கும் சின்ன மேடைக்கு வந்துவிடுவார். காற்றில் ஒரு நீண்ட வானவில் துணி தானாக எழுந்து சுழலும். அதற்குக் கீழே எழுபதைத் தாண்டிய பெண்மணி நின்று பாடுவார். அந்த நவம்பரில் ராக் அண்ட் ரோல் புகழ்க் கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது. அறிமுகம் செய்துவைத்தவர் சேப்பல் ரோன். டிராக் ஒப்பனையைப் பாப் மேடைக்குக் கொண்டுவந்த, தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிற இருபதுகளின் பாடகி. அக்கா எல்லன் அந்த வயதில் சொல்லத் தயங்கியிருக்கக்கூடியதை மைக்கில் சொல்லிவிட்டு நட்சத்திரமானவர்.

‘ட்ரூ கலர்ஸ்’ பாட்டை நீங்கள் இதுவரை கேட்டதில்லை என்றால், வெள்ளை மாளிகைப் பதிவையோ கச்சேரிப் பதிவையோ முதலில் தேடவேண்டாம். 1986 ஒலிப்பதிவைக் கேளுங்கள். இரவில், தனியாக, சத்தத்தைக் கூட்டாமல். எவ்வளவு மெதுவாகப் பாடுகிறார் என்று பாருங்கள்.